கணக்கு வெடித்தவர் பஜ்ஜி வாங்க வேண்டும்

எழுபதுகளின் பின்பாதியில், அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், திரவங்களின் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தேன். தண்ணீர் தூணை எப்படிச் சுற்றிப் போகும் என்பதை, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கிற வேலை. மயிலாப்பூரில் எங்கள் தெருக் குழாய் வறண்ட நாட்களில் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய கணக்கு வெடிக்கிறதோ அவர் அன்று மாலை எல்லாருக்கும் பஜ்ஜி வாங்க வேண்டும். அந்த வெடித்த கணக்கின் தாளிலேயே பஜ்ஜியை வைத்துக் கொடுக்க வேண்டும். வழக்கத்தை உண்டாக்கியவர் எங்கள் பேராசிரியர்.

வெடிப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டம் நடக்கிற இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் இவ்வளவு இருக்கலாம் என்று குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடுவோம். பிறகு பக்கத்துப் புள்ளிகளை வைத்து அதைத் திருத்துவோம். திருத்தத் திருத்த மாற்றம் குறைந்து எண்கள் அடங்கினால் விடை கிடைத்துவிட்டது. அடங்காமல் மாற்றம் பெருகிக்கொண்டே போனால், தாளில் எண்ணுக்கு விட்ட இடம் போதாது. இயந்திரம் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளை அடித்துத் தள்ளும். கணக்கை அட்டைகளில் துளைகளாக இட்டு, கட்டாகக் கட்டி, கம்ப்யூட்டர் அறைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு மறுநாள் போய் நின்றால், பக்கம் பக்கமாக நட்சத்திரம் கையில் வரும்.

என் தண்ணீர் பரம சாது, எப்போதாவதுதான் வெடிக்கும். எதிர் மேசைக்காரனுடைய திரவம் அப்படியில்லை. என்னைவிடச் சின்னவன், திருநெல்வேலிப் பக்கம், என்னை அக்கா என்பான். உருக்கிய பிளாஸ்டிக் போன்ற ஒரு திரவம் அகலமான வழியிலிருந்து குறுகலான வழிக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்பது அவன் கணக்கு. அது வெண்டைக்காய்க் கொழகொழப்பைப் போல இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சற்று முன் பட்ட இழுப்பை மறக்கவே மறக்காது. அந்த இழுவைத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரளவு வரை எண்கள் அடங்கின. அதற்கு மேல் ஒரு இம்மி கூட்டினாலும் நட்சத்திரம்.

கட்டங்களைச் சிறிதாக்கினால் சரியாகும் என்று யாரும் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் சிறிதாக்கினான். இன்னும் சீக்கிரம் வெடித்தது.

"தப்பை இவ்வளவு நுணுக்கமா பண்ண உன்னாலதாம்ப்பா முடியும்" என்றார் பேராசிரியர். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும், அதுவும் வழக்கம்தான்.

வாசலுக்கு வெளியே பஜ்ஜி வண்டிக்காரம்மாவுக்கு அவன் நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "இன்னா நைனா, இன்னிக்கும் உன் மிசினு புட்டுக்கிச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாழைக்காயைச் சீவ ஆரம்பிப்பாள். அவன் வெடித்த தாளை நீட்டுவான். எண்ணெய் ஊறின தாளில் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். பேராசிரியர் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, "ஸ்டார் ஓட்டல்ல சாப்பிடற மாதிரி இருக்குப்பா" என்பார். ஒரே வேடிக்கையை மாதக்கணக்கில் சொல்லிச் சலிக்காத மனிதர் அவர்.

அவனுக்கு அது வேடிக்கையில்லை. அப்பா இல்லாத பையன். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாய்மாமன்தான் படிக்க வைத்தார். மாமா கெட்டவர் இல்லை, கறாரானவர். தீபாவளி வியாபாரம் தொடங்கும் முன் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடங்கின வரைக்குமான விடைகள் அவனிடம் இருந்தன. எந்த இடத்தில் வெடிக்கிறது, கட்டத்தை மாற்றினால் அந்த இடம் எப்படி நகர்கிறது என்று சுத்தமாக எழுதி, வளைகோடாக வரைந்தும் வைத்திருந்தான். இதையே கொடுத்துவிடட்டுமா என்று பேராசிரியரிடம் கேட்டான்.

"இது தீசிஸா? உன் தோல்வியை பைண்ட் பண்ணிக் குடுப்பே, நான் கையெழுத்துப் போடணுமா? போய்த் தப்பைத் தேடு."

தேடினான். அட்டை அட்டையாகத் தேடினான். அந்தக் கோடையில் பேராசிரியர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, கறுத்த கோட்டும் சாக்லேட்டுமாகத் திரும்பினார். எல்லார் கையிலும் சாக்லேட்டை வைத்தார். அவன் கையில் வைக்கும்போது மட்டும், "நான் இல்லாதப்போ எத்தனை பஜ்ஜிப்பா பாக்கி?" என்றார். அன்று மாலையே வாங்கி வந்தான். ஆடி போய் ஆவணி வந்தும் பஜ்ஜி நிற்கவில்லை. அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று. என் முன்னாலேயே ஒரு நாள், "அக்கா, எனக்கு மூளை அவ்வளவுதான் போல" என்றான். எனக்குச் சுருக்கென்றது. தப்பு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முன்னால் மாமா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். அவனுடைய அட்டைக் கட்டுகளை என் மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மழை விட்ட பிறகு, வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்காகப் பேராசிரியர் பேசினார். இந்த மாதிரித் திரவங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கரும்பலகையில் அவனுடைய வளைகோட்டை வரைந்து, அது முறிகிற இடத்தில் சாக்பீஸால் தட்டி, "இதுக்கு மேல உலகத்துல ஒருத்தராலயும் போக முடியலை. கான்ஃபரன்ஸ்ல எல்லாரும் இங்கேதான் மாட்டிண்டு முழிக்கறா. கட்டத்தைச் சின்னதாக்கினா இன்னும் மோசம்னு ரெண்டு பேர் பேப்பரே படிச்சா" என்று சிரித்தார்.

வந்தவர் போனதும் அறைக்குள் போய்க் கேட்டேன்.

"சார், இதை அவன்கிட்ட சொல்லலியே?"

"சொன்னா பயலுக்குப் பயம் விட்டுப் போயிடும். பயம் இருந்தாத்தான் தேடுவான். தேடிக் கிடைச்சிருந்தா நாமதானே முதல்ல?"

"அவன் போயிட்டான் சார்."

"வேற ஆள் வருவான்" என்றார். வெளியே வந்துவிட்டேன். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அன்றே பஸ் பிடித்து தி. நகர் போனேன். கடையில் கூட்டம் இல்லை. வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து, யாரோ கலைத்துவிட்டுப் போன புடவைகளை அவன் மடித்துக்கொண்டிருந்தான். கல்லாவிலிருந்து மாமா பார்க்கிறாரே என்று நானும் ஒரு புடவையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தேன். உலகம் முழுக்க அதே இடத்தில்தான் வெடிக்கிறது, உன் மேல் தப்பே இல்லை, உன் கையில் இருந்த அதே விடையை அங்கே படித்து இரண்டு பேர் பெயர் வாங்கிவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் கை நின்றது. அப்படி ஒரு வெளிச்சம் அவன் முகத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை.

"நெசமாவா அக்கா? என் அட்டையெல்லாம் இருக்கா?"

"பத்திரமா இருக்கு. வந்து எழுதிக் குடு. மாமாகிட்ட நான் பேசறேன்."

கல்லாப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். எழுந்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"சாருக்கு இது எப்பம் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. "கோடையிலேயே. கான்ஃபரன்ஸ்ல."

மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தான்.

"அதுக்குப் பெறகும் எங்கிட்ட பஜ்ஜி வாங்கித் தின்னாரா?"

"தின்னார்."

வந்த வெளிச்சம் போய்விட்டது. புடவையை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புப் பிசகாமல் மடித்து அடுக்கின் மேல் வைத்தான்.

"அந்த அட்டையைப் பஜ்ஜிக்கார அம்மாட்ட குடுத்திருங்க அக்கா. அடுப்புக்காவது ஆகும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள்.

அட்டைகளைச் சில நாள் வைத்திருந்தேன். அவன் வருவான் என்றுதான். பிறகு ஒரு மத்தியானம் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனேன்.

"அந்த நைனா எங்கம்மா? ஆளையே காணோம்?"

"துணிக்கடையில இருக்கான்."

"நல்லா கீறானா?"

"இருக்கான்."

விறகு இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அட்டைகளைக் கொத்தாக அடுப்பில் திணித்தாள். நன்றாகப் பிடித்துக்கொண்டது. அன்று வெடித்தது புதிதாக வந்த ஒருவனுடைய கணக்கு. மாலையில் அவன் வாங்கி வந்த பஜ்ஜியில் இரண்டைப் பேராசிரியர் எடுத்துக்கொண்டு, இன்றைக்கு நல்ல சூடு என்றார்.