முப்பது வினாடி வீடியோவும் நீர்மோர்ப் பந்தலும்

திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர் உரிமைக்காக இயங்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில், முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், எங்கள் செயலாளரிடம் திட்டு வாங்குவது. லைக் வருகிறது, நன்கொடை வரவில்லையே என்பார், ஏதோ நான் வழியில் மறித்து எடுத்துக்கொண்டதுபோல.

செம்பட்டிப் பக்கம் ஒரு தக்காளி மண்டி. அங்கே பழத்தைத் தரம் பிரிக்கிற பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. சுற்றிலும் ரோடும் கடையும். மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை. அதனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீரைத் தொட மாட்டார்கள். அதில் ஒரு அக்காவுக்குச் சிறுநீர்த் தொற்று மூன்றாவது முறையாக வந்து, இனியும் இப்படியே இருந்தால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழிப்பறைக்கு இடம் தர மண்டி முதலாளி ஒருவழியாகத் தலையாட்டினார். கட்டும் செலவை நாங்கள் திரட்ட வேண்டும்.

அந்த அக்காவைத்தான் வீடியோ எடுத்தேன். முகம் தெரியக் கூடாது என்று முந்தானையால் பாதி மூடிக்கொண்டு பேசினார். எப்படி அடக்குவது, மாதத்தில் அந்த மூன்று நாள் என்ன பாடு, எல்லாவற்றையும் சொன்னார். பேசி முடித்த பிறகு வெகுநேரம் என் முகத்தையே பார்க்கவில்லை. அவ்வளவு கூச்சம்.

செயலாளர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். கக்கூஸ் என்று ஆரம்பித்தால் எவனும் நின்று பார்க்க மாட்டான், தாகம் என்று போடு, முப்பது வினாடி போதும் என்றார். எனக்கும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கின் மேல் ஆசை உண்டு, பொய் சொல்லக் கூடாது. வெட்டினேன். மிஞ்சியது, ‘நாள் பூரா நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல’ என்ற பேச்சு மட்டும். கழிப்பறை விஷயம் கீழே எழுத்தில், ‘மேலும்’ என்பதை அழுத்தினால் தெரியும்படி இருந்தது. அழுத்துவார்களாம். நம் ஜனங்களாவது அழுத்துவதாவது.

வீடியோ பரவியது. கண்ணீர் பொம்மை, கும்பிடும் கை, குடிக்கத் தண்ணீர்கூடத் தராத பாவி எவன் என்ற வசவு. நன்கொடை மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள், ஊருக்குள் சேவை செய்யும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன் வந்தது. கவலையை விடுங்கள் மேடம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால், மண்டி வாசலில் நீர்மோர்ப் பந்தல். வாழைமரம், ஆளுயர ஃபிளெக்ஸ், இரண்டு அண்டா மோர். அடப்பாவிகளா, இவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காமலா குடிக்கவில்லை? விளக்கப் போனேன். போட்டோ முடியட்டும் மேடம் என்று ஓரம்கட்டினார்கள். வீடியோவில் பேசிய அம்மா எங்கே என்று கேட்டு அக்காவை முன்னால் நிறுத்தினார்கள். ஒரே டம்ளரை ஏழு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. குடித்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு டம்ளர் கொடுத்தார்கள்.

முதலாளிக்கு ஒரே குளிர்ச்சி. ‘அதான் பிரச்சனை தீந்துருச்சுல்லம்மா, இனி எதுக்குக் கக்கூசு?’ என்றார். எங்கள் செயலாளர் போனில், அந்தப் போட்டோவை நம் பக்கத்திலும் போடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா கூடையை வைத்துவிட்டு எழுந்தார். அரைநாள் கூலி போனாலும் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். கூடவே பஸ் நிறுத்தம் வரை போனேன்.

‘வெக்கத்த விட்டு அம்புட்டையும் சொன்னேனே, அத ஏம்மா வெட்டுன?’ என்றார்.

செயலாளர்தான் சொன்னார் என்று வாய்வரை வந்தது. சொல்ல அசிங்கமாக இருந்தது. பஸ்ஸைக் காணோம். அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றார்.