கொஞ்சூண்டு மஞ்சள்

என் தம்பி பெயிண்டர். அறுபதைத் தாண்டியும் ஏணியை விட்டு இறங்க மனமில்லாதவன். கடையில் இயந்திரம் கலக்கிக் கொடுக்கும் வண்ணத்தை அவன் தொடமாட்டான். வெள்ளை பெயிண்டை வாளியில் ஊற்றி, சின்ன பாட்டிலில் இருக்கும் கலரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கிண்டி, கண்ணாலேயே பதம் பார்ப்பான். அந்தத் திமிர் அவனுக்கு உண்டு. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளும் திமிர் எனக்கும் உண்டு.

அப்படிப்பட்டவனிடம்தான், "என் ரூமுக்கு வெள்ளையில கொஞ்சூண்டு மஞ்சள் கலந்து அடிச்சுக் குடுடா" என்றேன். வாசனை ஆகாது என்று நாள் முழுக்கப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வந்து கதவைத் திறந்தால், அடக் கடவுளே! நான்கு சுவரும் பற்றி எரிவதுபோல மஞ்சள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஏன்க்கா, இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணுமா? எவ்வளவு விட்டாலும் வெள்ளையாவே நிக்குது. இப்ப வர்ற சரக்குல சத்தே இல்ல."

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் நானும் அந்த வழியாக வந்தவள். கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்வதற்கு முன்னால், பழுப்பேறிவிட்டது என்று என் வெள்ளைப் போர்வையைத் துவைத்துத் துவைத்தே கிழித்தவள். போர்வையில் ஒன்றுமில்லை, பழுத்தது என் கண்தான். பழுத்த கண்ணுக்கு வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே நாளில் மங்கினால் அலறியிருப்போம். வருஷக்கணக்காக மெல்ல மெல்ல மங்கினால், உலகமே இப்படித்தான் என்று இருந்துவிடுகிறோம். இதெல்லாம் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. "நல்லாருக்குடா" என்றேன். நான், அதுவும் இந்த வாயை வைத்துக்கொண்டு!

மறுநாள் தம்பி பெண்டாட்டி வந்தாள். முதல் நாள் காய்ச்சலில் படுத்திருந்தவள். சுவரைப் பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நாள் நான் அவர்கூட வரல அண்ணி. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சே."

"நீ வந்து என்ன கிழிச்சிருப்ப?"

"சாப்பாடு கொண்டுபோற சாக்குல ரெண்டு வருஷமா அவர்கூடவேதான் போறேன். அவர் கலக்கும்போது கலர் அட்டையை வச்சுப் பார்த்துட்டே நிப்பேன். சரியா வந்ததும், நேரமாச்சு, அடிக்க ஆரம்பிங்கன்னு விரட்டுவேன். அவசரக்காரின்னு திட்டிக்கிட்டே அடிப்பார்."

"அடிப்பாவி! அவன்கிட்டயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா பிரஷ்ஷைக் கீழ வச்சிடுவார் அண்ணி. வச்சிட்டா அவர் இருக்கமாட்டார்." அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் அதுதான் பயம்.

ஆபரேஷன் என்றாலே அவன் எகிறுவான். "கண்ணுல கத்தி பட்டா நிறமெல்லாம் மாறிப்போயிடும். அப்புறம் நான் எதுக்கு?" என்பான். நான் செய்துகொண்டேனே, எனக்கு என்ன கெட்டது என்று கேட்டால், "நீ என்ன பெயிண்டரா?" என்பான். சரி, இவனிடம் பேசி ஆகாது என்று, "எனக்குக் கண் செக்கப், துணைக்கு வாடா" என்று கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். என்னை விட்டுவிட்டு அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். திருதிருவென்று விழித்தான். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணோடயா ஏணியில ஏறுறீங்க? நிறம்தான் பொழப்புன்னா இந்தப் புரையை எடுத்தே ஆகணும். இல்லன்னா ஒருநாள் அதுவும் போயிடும்" என்றார்கள். அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தாலும் விடவில்லை.

முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் பெண்டாட்டியோடு நேரே என் வீட்டுக்கு வந்தான். ரூமுக்குள் நுழைந்தவன் நின்றுவிட்டான். உள்ளங்கையால் பழைய கண்ணை மறைத்துப் பார்த்தான். பிறகு புதுக் கண்ணை மறைத்துப் பார்த்தான். மறுபடி மாற்றினான்.

"அக்கா, இது நான் அடிச்சதா?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமாடா" என்றேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப மத்த வீடெல்லாம்? அந்த ஸ்கூலு? வாத்தியார் வீட்டு மாடி? எல்லாம் இந்த லட்சணத்துலதான் இருக்கா? ஒருத்தரும் சொல்லலையேக்கா... நான் வேலைக்காரன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனே!"

"வாயை மூடுறா. ஒரு சுவர் தப்பாகல, இது ஒண்ணைத் தவிர. ஏன்னா இது ஒண்ணுக்குத்தான் உன் பொண்டாட்டி கூட வரல." அட்டை வைத்துப் பார்த்ததையும், நேரமாச்சென்று விரட்டியதையும் போட்டு உடைத்துவிட்டேன். அவள் பயந்துபோய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

கத்தப்போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் தரையைக் கையால் ஊன்றி எழுந்தான். அவள் பக்கத்தில் போய், முகத்துக்கு நேரே குனிந்து, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அண்ணி இருக்காங்க."

"இருக்கட்டும். ஆஸ்பத்திரியில குடுத்த கண்ணு இப்பத்தான் வந்துச்சு. ரெண்டு வருஷமா எனக்கு இருந்த கண்ணு எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

அவள் விம்மினாள். அவனுக்கும் பொலபொலவென்று கொட்டியது.

"டேய், கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்கடா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே முந்தானையால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.