நல்லா இருந்த மாதங்களைச் சொல்லச் சிதம்பரம் போனோம்

இந்த வலைப்பதிவில் இதுவரை கோயில், கடற்கரை, அலையாத்திக் காடு என்றுதான் எழுதியிருக்கிறேன். இது ஆஸ்பத்திரிக்குப் போன பயணம். போன ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. என் தங்கை சுமதி, அவள் கணவர் வேலு, நான், மூவரும் போனோம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது வேலுதான். "நம்மள மாதிரி எவனாவது வழி தெரியாம சுத்திக்கிட்டு இருப்பான் மச்சான், எழுதுங்க" என்றார்.

வேலு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். வீடு கடலூர் செம்மண்டலத்தில். மாசியிலிருந்து நான்கு மாதம் படுக்கையை விட்டு எழவே இல்லை. தனியார் டாக்டர் ஒருவர், மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். ஆனியில் எழுந்தார், குளித்தார், வேலைக்குப் போனார். எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. தூக்கம் போயிற்று. பேச்சு வேகமெடுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டார். பக்கத்து வீட்டு மோட்டாரையும் கேட்டார். கடலூர் முழுவதற்கும் மோட்டார் பழுதுபார்க்கும் கம்பெனி தொடங்கப் போவதாகச் சொல்லி, ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் வருமானம் என்பது அவர் சம்பளம் மட்டுமே. கடிதம் மேலாளர் கைக்குப் போகுமுன் ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்று சுமதி துடித்தாள்.

கடலூர் அரசு மருத்துவமனையிலேயே மனநல டாக்டரைப் பார்க்கலாம். "அங்க போனா தெரிஞ்சவங்க பாதிப் பேரு நம்மளப் பாத்துடுவாங்கண்ணா" என்றாள் சுமதி. எனவே சிதம்பரம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலு எப்படி ஒப்புக்கொண்டார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. நடராஜரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று சுமதி சொன்னது காரணமாக இருக்கலாம்.

காலை ஆறரைக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினோம். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய். முன்பின் இருக்கைக்காரர்கள் எல்லோரையும் பத்து நிமிடத்தில் வேலு சிநேகம் பிடித்துவிட்டார். ஓர் அம்மாவின் மிக்சியை இலவசமாகச் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்தார். அவர் பேச்சு நன்றாகவே இருந்தது. இவ்வளவு கலகலப்பான மனிதரையா டாக்டரிடம் இழுத்துப் போகிறோம் என்று எனக்கே தோன்றியது.

சிப்காட் அருகே பஸ் வேகம் குறைந்தது. வேலு எழுந்துவிட்டார்.

"எங்க மாப்ள?"

"லெட்டர குடுத்துட்டு வந்துடறேன் மச்சான். ரெண்டே நிமிசம்."

சுமதி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் பொறுமை இழந்தார். "எறங்கறதுன்னா எறங்குங்க. இல்லன்னா ஒக்காருங்க. நடுவுல நின்னா நான் எப்படிப் போறது?"

"வரும்போது குடுத்துக்கலாம், ஒக்காருங்க. மேனேஜரு எட்டு மணிக்கு மேலதான வருவாரு?" என்றாள் சுமதி. அது வேலுவுக்கு நியாயமாகப் பட்டது. உட்கார்ந்தார்.

சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில் என்று மூன்று பேரிடம் கேட்டேன்; மூன்று திசை காட்டினார்கள். நான் கேட்ட விதமும் காரணம். வேலுவின் காதில் விழக்கூடாது என்று முணுமுணுத்துக் கேட்டிருந்தேன். கடைசியில் அவரே ஒரு செவிலியரிடம் உரக்கக் கேட்டு வழி கண்டுபிடித்தார்.

உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் செம்மண்டலத்துக்காரர் ஒருவர். சுமதி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பள்ளி ஆசிரியர். எங்களைக் கண்டதும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"சார்! நீங்களும் இங்கதானா?" வேலுவின் குரலில் கூடமே திரும்பியது.

"கத்தாதப்பா. பையனக் கூட்டிக்கிட்டு வந்தேன். தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு இவ்ளோ தூரம் வந்தா…"

"நாங்களும் அதுக்குத்தான் சார் வந்தோம்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆசிரியரும் சிரித்து, நகர்ந்து இடம் கொடுத்தார். அதன் பிறகு காத்திருந்த இரண்டு மணி நேரம் அவ்வளவு பாரமாக இல்லை.

டாக்டர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்மணி. படுத்திருந்த மாதங்களைப் பற்றி நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, நல்லா இருக்கும்போது எப்படி இருப்பாரு?" என்றார்.

முந்தைய டாக்டரிடம் நாங்கள் சொல்லாமல் விட்டது இதைத்தான். நோயைச் சொல்லத்தானே டாக்டரிடம் போவது, நன்றாக இருந்ததை யார் சொல்வார்கள்?

சுமதியின் முகம் மலர்ந்தது. "அப்ப இவர மாதிரி ஆளே கெடையாது மேடம். ஒரே ராத்திரில வீடு பூரா வெள்ள அடிச்சாரு. புயல் வந்தப்ப தெருவுக்கே ஜெனரேட்டர் கொண்டாந்து போட்டு நாலு நாளு கண்ணே மூடல. இவரு தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னூறு பேருக்குப் பத்திரிக வெக்கச் சொன்னா, எண்ணூறு பேருக்கு வெச்சாரு…"

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பேட்டி கொடுப்பவர் என் பேனாவைப் பார்க்கத் தொடங்கினால் அவர் பேச்சு அங்கே நின்றுவிடும் என்பது நிருபராக என் முப்பது வருட அனுபவம். சுமதி டாக்டரின் பேனாவைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் எவ்ளோ இருக்கு, சொல்லு" என்றார் வேலு. பிறகு அவருக்கும் புரிந்தது. டாக்டரைப் பார்த்துக் கேட்டார்: "நான் நல்லா இருந்ததே வியாதின்னா, நான் எப்பதான் மேடம் நல்லா இருந்தேன்?"

"இன்னிக்கு எனக்கும் தெரியல. முதல்ல தூங்க வெப்போம். அப்பறம் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்."

பைபோலார் என்றார். இருதுருவ மனநிலைக் கோளாறு. தாழ்வும் ஏற்றமும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். பழைய மாத்திரையை நிறுத்தி வேறு எழுதினார். ரத்தப் பரிசோதனை கேட்டார். உள்நோயாளியாகச் சேர்வதானால் இன்றே சேரலாம், இல்லாவிட்டால் மாத்திரை சுமதியின் பொறுப்பில் இருக்க வேண்டும், வாராவாரம் வர வேண்டும் என்றார். மாத்திரையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சுமதி சொன்னாள். பெரிய முடிவு எதுவும் இப்போது கூடாது, லீவுக்குச் சான்றிதழ் தருகிறேன் என்றார்.

"மாத்திர போட்டா என் கம்பெனி ஐடியா போயிடுமா?"

"நல்ல ஐடியாவா இருந்தா மூணு மாசம் கழிச்சும் இருக்கும்."

வேலு சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்துச் சுமதியிடம் கொடுத்தார். "மூணு மாசம். நாலாவது மாசம் கேப்பேன்."

நடராஜரைப் பார்க்கவில்லை. நடை சாத்திவிட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போய்விடுங்கள்; வெளிநோயாளிகளை மதியத்துக்குள் பார்த்துவிடுகிறார்கள். கடலூரில் இருப்பவர்கள் முதலில் கடலூரிலேயே காட்டுங்கள், பிறர் கண்ணுக்குப் பயந்து எங்களைப் போல் அலைய வேண்டாம். பழைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோங்கள். தூங்காத இரவுகளையும், எல்லோரும் மெச்சிய நாட்களையும் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

இதற்கு மேல் எனக்கே தெளிவில்லை. வேலு இப்போது தூங்குகிறார். புது மாத்திரையால் கை லேசாக நடுங்குகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டார். முன்பிருந்த கலகலப்பு எவ்வளவு அவருடையது, எவ்வளவு நோயுடையது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நேற்று காலை சுமதி போன் செய்தாள்.

"அண்ணா, அவரு இன்னிக்குச் சத்தமா சிரிச்சாரு. சந்தோசப்படறதா, டாக்டர்கிட்ட சொல்றதா?"

"ராத்திரி தூங்கினாரா?"

"ஏழு மணி நேரம்."

"அப்ப சந்தோசப்படு."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் வேலு பால்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. வேகமாகப் பேசுகிறாரா என்று அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தோம்.