மெழுகு பூசிய பச்சைக் கார்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் வங்கிக்காரத் தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை காலை மதிலுக்கு மேலால் இரண்டு போத்தல்களையும் ஒரு டப்பாவையும் நீட்டினார்.

"ஐயா, நீங்க அந்தக் காலத்தில ஹயரிங் கார் ஓட்டின ஆளாமே. இதில எதைப் பூசினாக் காருக்கு நல்லம்? பொலிஷா, மெழுகா, இல்லாட்டி இந்தப் புதுச் சாமானா? இதைப் பூசினா ஒரு வருசத்துக்கு உப்புக்காத்து அண்டாதாம்."

டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மெழுகும் டர்ப்பன்டைனும் கலந்த வாசம். தம்பிக்கு என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அந்த வாசம் என்னைக் கல்லடிப் பாலத்துக்கு அப்பால், காத்தான்குடியில் ஒரு நெசவுக்காரர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அது மீராசாவின் வீடு. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தி நானும் அவனும் கூட்டாக, வாடகைக்கு ஓட ஒரு கார் வாங்கினோம். சீமைக்குத் திரும்பிப் போன தென்னந்தோட்டத் துரை ஒருவர் விட்டுச் சென்றது. கரும்பச்சை நிறம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு நாள் அவன் ஓட்டுவான், மறுநாள் நான். நகரத்திலிருந்து கல்முனை வரைக்கும் எங்கள் ஓட்டம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர் வாவி. இரண்டுக்கும் நடுவே ஓடுகிற காருக்கு உப்பிலிருந்து தப்ப வழியில்லை. ஆறு மாதத்தில் முன்மூடியான பொனற்றின் மேல் வெண்புள்ளிகள் விழத் தொடங்கின. முகத்தில் தேமல் படர்ந்ததுபோல இருந்தது.

முதல் வைத்தியம் நான் செய்ததுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் பெரியகல்லாறு. அங்கே தோணிகளுக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற தோணியைக் காப்பாற்றும் எண்ணெய் காரைக் காப்பாற்றாதா என்று ஒரு போத்தல் கொண்டுவந்து தலையிலிருந்து கால்வரை தேய்த்துவிட்டேன். மறுநாள் மீராசா மூக்கைப் பொத்திக்கொண்டு காரைச் சுற்றி வந்தான்.

"என்ன மச்சான் இது, காரா கருவாடா?"

பத்து நாளைக்கு ஊர்ப் பூனைகளெல்லாம் எங்கள் பொனற்றில்தான் படுத்திருந்தன. ஏற வந்தவர்கள் ஏறாமல் போனார்கள்.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து வரும் பொலிஷ் டின் ஒன்றை வாங்கினேன். பூசித் துடைத்தால் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனால் இரண்டு மழைக்கு மேல் அது நிற்கவில்லை. மீராசா வேறொரு வழி கண்டுபிடித்தான். காட்டுத் தேன் கொண்டுவந்து விற்பவர்களிடம் தேன் பிழிந்த அடையை வாங்கினான். அதை உருக்கி வடித்து, டர்ப்பன்டைனில் குழைத்தால் பசை மாதிரி ஒன்று வரும். வடிக்கிற வேலை, அவனைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை ஆயிஷாவுக்கு. அவர்கள் வீட்டுத் தறியில் நெய்த சாரன் துணியை நாலாக மடித்து, சூட்டோடு சூடாகப் பிழிந்தெடுப்பாள். மெழுகு பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும் என்று மீராசா சொல்லுவான். நான் பார்த்ததில்லை. நான் போனால் அவள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள்.

எனக்குப் பொலிஷ்தான் பிடித்தது, அவனுக்கு மெழுகு. "மினுங்கி என்ன மச்சான், தோல் கிடக்கணுமே" என்பான். கடைசியில் பொனற்றின் இடது பாதிக்கு என் பொலிஷும் வலது பாதிக்கு அவன் மெழுகும் பூசிக்கொண்டு ஒரு மாரி காலம் முழுக்க ஓடினோம். சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். தை பிறந்தபோது இடது பாதி வெளுத்துக் கிடந்தது. வலது பாதியில் மழைத்துளி முத்து முத்தாய் நின்று, கார் அசைந்ததும் உருண்டு ஓடியது. நான் தோற்றேன். அன்றைக்கு அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு கரையோரத்தில் எந்தக் கலியாணம் என்றாலும் எங்கள் கார்தான். கல்லாற்றில் பெண் மாப்பிள்ளையை ஏற்றிக் கோயிலுக்குப் போன மறுநாள், காத்தான்குடியில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவோம்.

அப்படியிருக்கும்போதுதான் யுத்தம் எங்கள் பக்கம் வந்தது. பெற்றோல் கூப்பனுக்கு வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வாவிக்கரையில் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். பட்டாளத் தேவைக்கு நல்ல கார்களை எடுக்கப்போகிறார்கள், ஒரு சனிக்கிழமை காலை எல்லாக் கார்களையும் அரசாங்க அலுவலகமான கச்சேரியடிக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. அதற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

மீராசா காரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றான்.

"மச்சான், இண்டையிலிருந்து காரத் தொடப்படாது. மெழுகையெல்லாம் சுரண்டி எடுத்துப்போட்டு உப்புத் தண்ணிய அடிச்சு விடுவம். இந்தக் கோலத்தில கண்டா ஆரும் எடுக்கமாட்டான்."

வீட்டில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, நாங்களே பூசிய மெழுகை நாங்களே துடைத்தெடுத்தோம். வாவித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி வெயிலில் விட்டோம். இரண்டே கிழமையில் கார் சீக்காளி மாதிரி ஆகிவிட்டது.

ஆயிஷாவின் கலியாணம் அந்தச் சனிக்கு முந்திய வியாழன் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ஏறாவூர். செவ்வாய்க்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மீராசா இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணன், ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?"

"கேளு தங்கச்சி."

"ஊரில எத்தினை மாப்பிள்ளை அந்தக் காரில வந்திட்டாங்க. அவ்வளவு பேருக்கும் மெழுகு வடிச்சது நான். என்ட மாப்பிள்ளை மட்டும் அழுக்குக் காரில வாறதா?"

 கதவிடுக்கால் ஒரு சிரட்டையை நிலத்தில் வைத்துத் தள்ளினாள். அதில் புதிதாய் வடித்த மெழுகுப் பசை.

புதன்கிழமை மீராசா கலியாணச் சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்த சமயம், காரை வாவிக்கரைக்குக் கொண்டுபோனேன். காலையிலிருந்து பின்னேரம் வரை தேய்த்தேன். வியாழன் முடியட்டும், வெள்ளிக்கிழமை பழையபடி அழுக்காக்கிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழன் பின்னேரம் மீராசா காரைக் கண்டான்.  புறங்கையால் பொனற்றை ஒரு தரம் தடவினான். சாவியை வாங்கிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தான். அன்றைக்குப் போல அந்தக் கார் வேறு எந்த நாளும் மினுங்கியதில்லை. காத்தான்குடி வீதியில் இரண்டு பக்கமும் சனம் நின்று பார்த்தது.

வெள்ளிக்கிழமை நான் சேற்றை அள்ளிப் பூசினேன். சேறு வழுக்கிக்கொண்டு இறங்கியது. உப்புத் தண்ணீர் ஊற்றினேன், உருண்டு ஓடியது. மெழுகை எடுக்க ஒரு துளி மண்ணெண்ணெயோ டர்ப்பன்டைனோ எங்கும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை கச்சேரியடியில் வரிசையாக நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டே வந்த வெள்ளைக்காரத் துரை எங்கள் காருக்கு முன்னால் நின்றார், சிரித்தார், பக்கத்தில் நின்றவரிடம் தலையை அசைத்தார். காரை எடுத்துக்கொண்டு ஒரு துண்டுக் காகிதம் எழுதித் தந்தார்கள். நாங்கள் இருவரும் நடந்தே பாலத்தைக் கடந்து வந்தோம். பாதி வழியில், "மீராசா, நான்..." என்று தொடங்கினேன். "வெயில் கடுமையா இரிக்கி, சுறுக்கா நட மச்சான்" என்றான்.

அதன்பின் அவன் சைக்கிளில் சாரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களுக்கு விற்கப் போனான். ஒரு நாள் பழுகாமத்துக்குப் போக நானும் கூடப் போயிருந்தேன். துறையில் நின்றோம். தோணிகளைப் பிணைத்துப் பலகை அடித்த மிதவையை எங்களூரில் பாதை என்போம். அந்தப் பாதையிலிருந்து ஒரு பட்டாளக் கார் இறங்கியது. எங்களுடையதுதான். மேலே மங்கிய மண்நிறப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அது செதில் செதிலாக உரிந்து கிடக்க, இடையில் கரும்பச்சை பளிச்சிட்டது.

மீராசா சைக்கிளைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தான்.

"பாத்தியா மச்சான், நம்மட மெழுகு அவனுகள்ட பெயின்ற்ற ஒட்ட விடல்ல!"

நானும் சிரித்தேன். ஆனால் என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கவில்லை. யுத்தம் முடிந்ததும் அவன் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு போனான். அங்கேயே குடியிருந்தான். வருடத்துக்கு ஒரு கடிதம், பிறகு அதுவும் இல்லை. கார் என்னவானது என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டுத் தறிகள் ஓய்ந்தன. அடைமெழுகு கொண்டுவருபவர்களையும் காணோம். ஒரே வண்டி இரண்டு ஊர்க் கலியாணத்துக்கும் மாறி மாறிப் போன நாட்களை இப்போது சொன்னால் பிள்ளைகள் கதை என்கிறார்கள்.

அவன் மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி எனக்கு இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது. ஏறாவூருக்கு ஆயிஷாவைப் பார்க்கப் போனேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, எதிரே கதிரையில் இருந்தாள். அத்தனை வருடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்: என்னால்தான் கார் போனது, அவன் சோறு போனது, ஒரு வார்த்தை அவன் என்னை ஏசவில்லை என்று.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியாதா? காக்காதானே என்னக் கேக்கச் சொன்னாங்க. 'துடைக்காத எண்டு சொன்ன நானே துடைக்க ஏலா. நீ அவன்ட்டக் கேளு, அவன் மாட்டன் எண்டு சொல்லமாட்டான்' எண்டாங்க. மெழுகு வடிக்க அடை கொண்டுவந்து தந்ததும் காக்காதான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். இத்தனை வருடமாய் என்னை ஏமாற்றிவிட்டாயேடா என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட வேண்டும்போல இருந்தது. கை அரித்தது. பக்கத்தில் அவன் இல்லை.