அம்மாவின் மீட்டிங்குக்குத் துணை

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வெளித் தாழ்வாரத்தில் துணி காயப்போடும்போது எதிரே பினாங்குத் தீவு தெரியும். நடுவில் இருப்பது கொஞ்சம் கடல். ஃபெரியில் ஏறி உட்கார்ந்து கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அது தீர்வதற்குள் அக்கரை வந்துவிடும். அந்த அக்கரைக்குத்தான் என் அம்மா ஒரு தடவை சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியூர்ப் பயணம் போனாள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பயணத்தில் எனக்கும் ஒரு பதவி இருந்தது.

அம்மா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவி. இயந்திரம் துப்பும் பிளாஸ்டிக் மூடிகளில் எது தேறும், எது தேறாது என்று சொல்லும் வேலை. அவள் தலையாட்டாமல் ஒரு மூடிகூட வாசல் தாண்டாது என்று அப்பா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்த வருஷம் கம்பெனி அவளை அக்கரையில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை காலையில் ஒரு மீட்டிங், ஆகவே வெள்ளி இரவு ஹோட்டலில் தங்க வேண்டும், அறையைக் கம்பெனியே ஏற்பாடு செய்துவிட்டது என்று அம்மா ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்காமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

முதலில் வாய் திறந்தது அத்தை. அப்பாவின் அக்காவான அவள் எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருந்தாள். அம்மா வேலைக்குப் போன பிறகு என்னைப் பள்ளிக்கு அனுப்புவது, தம்பிக்குச் சோறூட்டுவது, இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைப்பது எல்லாம் அவள்தான். அத்தையன்றி எங்கள் வீட்டில் ஓரணுவும் அசையாது.

"இந்தா இருக்கிற பினாங்கு. அதுக்கு எதுக்கு ரூமு லா? ஃபெரி ஏறினா வீட்டுக்கு வந்து தோசையே சுடலாம்."

அம்மா, மீட்டிங் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும் என்றாள். அத்தை அடுத்த கட்டத்துக்குப் போனாள். பொம்பளை தனியாக ஹோட்டலில் தங்குவதா, துணைக்கு ஆள் வேண்டாமா? அப்பாவுக்குச் சனிக்கிழமை வேலை. தம்பியைப் பார்க்க வேண்டியிருந்ததால் அத்தையால் நகர முடியாது. கணக்குப் பார்த்ததில் மிச்சம் நான்தான். இப்படியாக, முப்பது பேரை அதட்டி வேலை வாங்கும் அம்மாவுக்கு, பள்ளிக் காலணியின் கயிற்றை இன்னும் ஒழுங்காகக் கட்டத் தெரியாத நான் துணை என்று முடிவாயிற்று. அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தாள். தேறுமா தேறாதா என்று மூடியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். பிறகு, "சரி, வரட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மா போய்விட்டாள். சாயங்காலம் அப்பா என்னைக் கொண்டுபோய் ஒப்படைப்பதாக ஏற்பாடு. மத்தியானம் முழுவதும் அத்தை எனக்குக் காவல்காரியின் வேலையைக் கற்றுக்கொடுத்தாள். ஹோட்டல் கட்டிலில் யார் யாரோ படுத்திருப்பார்கள், ஆகவே நம் வீட்டுப் போர்வையைத்தான் விரிக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். படுக்கும்முன் நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டி வைக்க வேண்டும். அம்மாவை ஒரு நிமிஷமும் கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது. ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று புளிச்சோறும் கட்டித் தந்தாள்.

நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் வாசல் இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர் எங்கே பயணம் என்று கேட்டுவிட்டார். புறப்படுகிறவர்களை அப்படிக் கேட்கலாமா? அத்தை எங்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடியும் முதலிலிருந்து அனுப்பினாள். அதற்குள் ஒரு ஃபெரி போய்விட்டது.

ஹோட்டல் கடலைப் பார்த்த மாதிரி உயரமாக இருந்தது. வரவேற்பறையில் அம்மா, கழுத்தில் பயிற்சிக்காரர்கள் மாட்டிவிட்ட அட்டையோடு நின்றாள். அப்பா என்னையும் போர்வையையும் புளிச்சோற்றையும் ஒப்படைத்துவிட்டு, கூரையில் தொங்கிய விளக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு, பார்த்து இருங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபெரிக்கு ஓடினார்.

அறைக் கதவுக்குச் சாவி கிடையாது, ஓர் அட்டை. உள்ளே சுவரிலிருந்த பொந்தில் அதைச் செருகியதும் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. நான் கடமையைத் தொடங்கினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், எலுமிச்சம்பழத்தை வைத்தேன், அலமாரியைத் திறந்து சோதித்தேன். அங்கே இரண்டு வெள்ளை அங்கிகள் தொங்கின. மெத்தை மாதிரி தடிமன். அம்மா ஒன்றை மாட்டிக்கொண்டாள். மற்றொன்றை எனக்கு மாட்டிவிட்டாள். அது எனக்குப் பின்னால் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. காகிதத்தில் சுற்றியிருந்த சிலிப்பர், விரல் நீளத்துக்கு ஷாம்பு, நான்கே நான்கு பிஸ்கட் கொண்ட பொட்டலம். எதைத் தொட்டாலும் புதிது. அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்துபார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். தீபாவளிக்குக்கூட அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு அவள் முகத்தில் எண்ணெய்ப் புகைதான் இருக்கும்.

திரையை விலக்கினால் அக்கரையில் பட்டர்வொர்த். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளில் விளக்கேற்றியிருந்தார்கள். நம் வீடு எங்கே என்று கேட்டேன். அம்மா விரலால் காட்டினாள்.

"இங்கேருந்து பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஆனால் அவள் நிறுத்தாமல் சிரித்ததால் நானும் சிரித்தேன். அத்தை கொடுத்த போர்வையைக் கட்டிலில் விரிக்காமல் ஜன்னலோரம் கம்பளத்தின்மேல் விரித்து, அங்கியோடு சம்மணமிட்டு, இருவரும் புளிச்சோறு சாப்பிட்டோம். உங்கள் அத்தை கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

பிறகு அம்மா குளிக்கப் போனாள். அந்தக் குளியலறையில் ஒரு தொட்டி இருந்தது. தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் முடிந்து இன்னொன்று தொடங்கியும் அவள் வரவில்லை. கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது என்பது உத்தரவாயிற்றே. அடிக்கடி கதவைத் தட்டி, "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

முதலில், "இருக்கேன்மா," என்றாள். அடுத்த தடவையும், "இருக்கேன்மா." அதற்கடுத்த தடவை கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம் வந்தது. பிறகு, "இங்கதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்," என்று பாடுகிற மாதிரி பதில் வந்தது.

படுக்கும்முன் நாற்காலியை இழுத்தேன். தேக்கோ என்னவோ, கல்லாய்க் கனத்தது. கதவுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது. அம்மா கட்டிலின் நட்டநடுவில் கைகால்களை விரித்துப் படுத்துப் பார்த்தாள். பிறகு எனக்கு இடம் விட்டாள்.

காலையில் பசியாறக் கீழே போனோம். நாசி லெமாக் ஒரு மூலையில், ரொட்டி சானாய் ஒரு மூலையில், வெட்டிவைத்த பழங்கள் ஒரு மேசை நிறைய. எவ்வளவு எடுத்தாலும் கேட்பாரில்லை. நான் பாலில் மிதந்த சாக்லேட் அவலை மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். அம்மா தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்தும் உட்கார்ந்தே இருந்தாள். வீட்டில் அவள் உட்கார்ந்து பசியாறி நான் பார்த்ததே கிடையாது. அடுப்புக்கும் எங்கள் பள்ளிப் பைக்கும் நடுவில் நின்றபடி ஏதோ ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள்.

அறைக்குத் திரும்பி அம்மா மறுபடியும் அங்கியை மாட்டிக்கொண்டாள். அங்கிருந்த கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துக் காப்பி கலந்து, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, கால்களைத் தூக்கி எதிரே முக்காலியில் வைத்தாள். ஃபெரிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ உள்ளே பதைத்தது. வெயில் ஏறிவிட்டது. விடியற்காலை மீட்டிங்குக்குப் போக வேண்டியவள் இன்னும் தலைகூட வாரவில்லை.

"அம்மா, மீட்டிங் எப்ப?"

அம்மா காப்பியை ஊதினாள். ஒரு வாய் குடித்தாள்.

"நடந்துகிட்டுத்தான் இருக்கு," என்றாள்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பெரியவர்களின் மீட்டிங் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து, என் அங்கியை ஒழுங்குபடுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீட்டிங் இரண்டு காப்பி நேரம் நடந்தது. அம்மா ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள். நான் சத்தம் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறக்காமலே அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். அத்தை என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டே விசாரித்தாள். நான் நேர்மையான காவல்காரி. எதையும் மறைக்கவில்லை. அங்கி, தொட்டி, புளிச்சோறு, தங்க வளையல், மூன்று கிண்ணம் அவல் எல்லாம் சொன்னேன்.

"மீட்டிங்ல யார் யாரு வந்திருந்தாங்க?"

"நானும் அம்மாவும்தான் அத்தை. அம்மா காலை நீட்டி காப்பி குடிச்சாங்க. நான் பேசாம இருந்தேன்."

பின்னலில் இருந்த அத்தையின் கை நின்றது. அடுப்படியில் குழாய்ச் சத்தமும் நின்றது. ஒரு பெண் ஒரு நாளைத் திருடியிருக்கிறாள், அவளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது அவளுடைய சொந்தத் துணை. அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா சத்தம் போட்டிருக்க மாட்டார், ஆனால் அதோடு அம்மாவின் வெளியூர்ப் பயணங்களுக்கு முற்றுப்புள்ளி விழுந்திருக்கும். அன்றைக்கு எனக்கு இருந்த கவலையெல்லாம் பின்னல் கோணலாகிவிடுமே என்பதுதான்.

அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து வந்தார். மீட்டிங் எப்படி என்று பொதுவாகக் கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வருமுன் அத்தை சொன்னாள்.

"நல்லா நடந்துச்சாம் தம்பி. களைச்சுப்போய் வந்திருக்கா. நீ போய்க் கடையில சோறு கட்டிட்டு வா."

அப்பா போனார். அத்தை என் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அந்தத் தொட்டியில காலை நீட்டிப் படுக்கலாமா?"

அடுப்படியில் குழாய் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"படுக்கலாம் அண்ணி. கழுத்து வரைக்கும் சுடுதண்ணி."

மறு வருஷமும் அம்மாவுக்கு ஜார்ஜ் டவுனில் மீட்டிங் வந்தது. இந்தத் தடவை பயிற்சி எதுவும் இல்லை, மீட்டிங் மட்டும்தான். நான் ஒரு வாரத்துக்கு முன்பே என் பையை அடுக்கிவைத்துவிட்டேன். ஆனால் துணைக்கு அத்தை போவதாக முடிவாகியிருந்தது. சின்னப் பிள்ளையை நம்பி எத்தனை தடவை அனுப்புவது, பெரிய மனுஷி ஒருத்தி கூட இருக்க வேண்டாமா என்று அத்தையே அப்பாவிடம் எடுத்துச் சொல்லியிருந்தாள். தம்பியையும் என்னையும் அப்பா லீவு போட்டுப் பார்த்துக்கொள்வார். கோயிலுக்குப் போகும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு அத்தை ஃபெரியில் ஏறினாள். போர்வை எடுக்கவில்லை. எலுமிச்சம்பழம் எடுக்கவில்லை. புளிச்சோறும் கட்டவில்லை.

மறுநாள் படகுத்துறையில் அவர்கள் இறங்கி வந்தபோது இருவரும் ஒரே ஷாம்பு வாசத்தில் இருந்தார்கள். எதையோ பேசி எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவும் அத்தையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அவர்கள் பேச்செல்லாம் உப்பு, பால், தம்பிக்குச் சளி, இவ்வளவுதான். மீட்டிங் எப்படி என்று கேட்டேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"இன்னும் முடியல லா. அடுத்த வருஷமும் இருக்கு," என்றாள்.

எனக்கு அழுகையாக வந்தது. பதவி பறிபோய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் என் காவலில் எங்கே குறை வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில், அந்த நாற்காலியை எப்பாடு பட்டாவது கதவோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.