மேல் மாடிக் கக்கூஸ்

உங்கள் அம்மா கக்கூஸ் கழுவுவதை உங்கள் வகுப்பே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறதா? என் வகுப்பு பார்த்தது.

வெள்ளவத்தைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கூடம். புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி, ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி ஆறாம் வகுப்புக்குப் போனவள் நான். தவணைக்கு ஒரு சனிக்கிழமை சிரமதானம். பெற்றோர் வந்து கூட்டிக் கழுவிவிட்டுப் போக வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வகுப்பு மிஸ். ஃபிளாட்டுகளிலிருந்து காரில் வந்த அம்மாக்களுக்குத் திரைச்சீலையும் பூச்சாடியும். புறக்கோட்டைத் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு நல்ல சேலை கட்டி வந்த என் அம்மாவுக்கு மேல் மாடிக் கக்கூஸ்.

"மிஸ், நான் கர்டன் போடுறேனே. எனக்குத் தைக்கவும் தெரியும்."

"வேண்டாம். உங்களுக்கு உந்த வேலை பழக்கம்தானே."

பூச்சாடி அம்மாக்கள் சிரித்தார்கள். மேலே பைப்பில் தண்ணீர் வராது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழேயிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "விடுடி. படிப்பைப் பாரு."

படிப்பைப் பார்த்தேன். கம்பஸில் டிகிரியும் முடித்தாயிற்று. விடத்தான் இல்லை.

இப்போது என் தங்கை அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. மிஸ்ஸின் மகளும் அதே வகுப்பு. கடவுள் சில நேரம் ஒழுங்காக வேலை செய்கிறார். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், வகுப்புக் குழுவுக்கு யார் செயலாளர் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பதில் போயிருந்த நான் கையைத் தூக்கினேன். சிரமதான வேலையைப் பிரிப்பது இப்போதெல்லாம் செயலாளர்தான்.

இன்று சிரமதானம். காலையில் பள்ளி அதிபர் மைக்கில், "இன்றைக்கு எல்லோரும் பெற்றோர்தான், பதவி கிடையாது" என்று சொல்லி முடித்தார். மிஸ் வந்தார், கையில் பூச்சாடியோடு. என்னை அடையாளம் தெரியவில்லை.

"தங்கச்சி, இதை எங்க வைக்கிறது?"

"குடுங்க மிஸ், நான் வைக்கிறேன். நீங்க மேல் மாடி டொய்லட்."

"உமக்கென்ன விசரே? நான் இங்க டீச்சர்."

"இன்னைக்கு அம்மாவாத்தானே வந்திருக்கீங்க?"

"எனக்கு உந்த வேலையெல்லாம் பழக்கமில்லை பிள்ளை."

இந்த ஒரு வசனத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா!

"எங்க அம்மாவுக்கும் பழக்கமில்ல மிஸ். நீங்கதான் பழக்கினீங்க. அதே டொய்லட்தான்."

என் முகத்தையே பார்த்தார். தெரிந்துவிட்டது. சுற்றி நின்ற அம்மாக்களில் ஒருவர் தேய்த்துக் கழுவும் தும்புத்தடியை நீட்டினார். "போங்கோ மிஸ், போன முறை நான் கழுவினனான். ஒண்டும் செய்யாது." எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு எங்கள் பக்கம்.

மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"ஐயோ, பாவம்டி. நீ போய்க் கொஞ்சம் உதவி செய்."

பாவமாம்! கட் பண்ணிவிட்டு இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மிஸ் வெறும் வாளியோடு என்னைத் தாண்டிக் கீழே இறங்குகிறார். மேல் மாடிப் பைப்பில் இன்றைக்கும் தண்ணீர் இல்லை.