வரிசையில் நிற்காமல் வீடு வந்த கடலை

வேலவனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வடகரப்பதி நாச்சம்மாளின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கேரளம் தனி மாநிலமான மறு வருஷம், மார்கழி மாதம். எங்கள் பக்கத்து எண்ணெய் மில் கம்பெனி நொடித்துப்போய், கோர்ட்டார் வந்து கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். குடம் கையிலிருந்து நழுவியது. என்னுடைய நாற்பத்திரண்டு மூட்டை நிலக்கடலை அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு எங்கள் காட்டில், அதாவது புன்செய் நிலத்தில், நான் தனியாகச் செய்த முதல் வெள்ளாமை அது. என் கொழுந்தனார் சென்னியப்பன் நல்ல மனிதர். ஆனாலும், "பொம்பளையால பண்ணயம் பாக்க முடியாதுங்க அண்ணி. காட்டை எங்கிட்ட உட்டுப்போட்டு ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு எங்கூட்டுக்கு வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் தவணை கேட்டேன். வெள்ளாமையில் தோற்றால் காட்டை ஒப்படைத்துவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

கடலை நன்றாகவே விளைந்தது. விலைதான் இறங்கிக் கிடந்தது. அதனால் விலை ஏறும்வரை மில் கிடங்கில் போட்டு வைத்தேன். அந்த மில்தான் கவிழ்ந்தது.

ஊரில் பலர் மில்லுக்குக் கடலை விற்றுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தார்கள். சென்னியப்பனும் அதில் ஒருவர். பாலக்காட்டுக்குப் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு விவரம் சொன்னார்.

"மொதல்ல பேங்க்காரங்க. கட்டடம், மிஷினெல்லாம் அவிங்ககிட்ட அடமானம். அதுக்கப்பறம் மில்லுல வேலை செஞ்சவிங்க கூலி, சர்க்கார் வரி. அதெல்லாம் போயி மிச்சமிருந்தாத்தான் சரக்கு வித்த நம்மளுக்கு."

"மிச்சம் இருக்குமுங்களா?"

"அதைக் கேட்டா வக்கீல் சிரிக்கறாருங்க அண்ணி."

அந்தக் கடைசி வரிசையில் இடம் பிடிக்கக்கூட, கெடு தேதிக்குள் சத்தியம் செய்து மனுக் கொடுக்க வேண்டுமாம். எட்டு நாள்தான் இருந்தது. அன்று கரட்டுக் குன்றின் மேல் இருக்கும் எங்கள் வேலாயுதசாமி சந்நிதியில் போய் விழுந்தேன். "அப்பனே, என் புள்ளைங்க அவிங்க அப்பன் காட்டுலயே நிக்கோணும்" என்று மட்டும் கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் மனுக் கொடுக்கக் கிளம்பினார்கள். நான் பஸ்ஸைப் பிடிக்க வண்டி கட்டிப் போனேன். பாதி வழியில், ஓடைப் பள்ளத்தில், வண்டி அச்சு முறிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. நடு ரோட்டில் நின்று சாமியைத் திட்டினேன். "உனக்குக் கண்ணில்லையா?" என்று வாய்விட்டே கேட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

மறுநாள் காலையில் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார் காதர் ராவுத்தர். மில் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. நான்கு மாதச் சம்பளம் அவருக்கும் நின்றுபோயிருந்தது.

"அம்மிணி, அந்த மனுவுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க ராவுத்தரே. பஸ்ஸை உட்டுப்போட்டனுங்க."

"அல்லா காப்பாத்துனான்!" என்று திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "உங்க ரசீதை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். 'பத்திரமாக வைக்கக் கொடுத்த சரக்கு. விலை பேசவில்லை' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"மத்தவிங்க வித்துட்டாங்க, அதனால அவிங்க கடன் குடுத்தவிங்க. நீங்க விக்கவே இல்லையே! கம்பெனி சொத்தை வித்துத்தான் எல்லாத்துக்கும் பங்கு. இந்தக் கடலை கம்பெனிச் சொத்தே இல்ல. அந்த மனுவுல வித்துட்டேன்னு நீங்களே சத்தியம் பண்ணிக் குடுத்தீங்கன்னா, உங்க சரக்கும் பேங்க்குக்கும் சர்க்காருக்கும் போயிரும். நீங்க கடைசில நிப்பீங்க."

சென்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "கெடு போனா அந்தக் கடைசி எடமும் இல்லீங்க அண்ணி" என்றார். ராவுத்தர் சொன்னால் அது சரி, கொழுந்தனார் சொன்னால் இது சரி என்று தோன்றியது. சந்நிதிக்குப் போய்ப் பூக் கேட்டேன். சிவப்பு வந்தால் மனுக் கொடுப்பது, வெள்ளை வந்தால் பொறுப்பது. சாமி முன்னால் போட்ட இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை அரளி.

கெடு முடிந்தது. அந்த மூன்று வாரம் நான் பட்ட பயம் எனக்கும் அந்த வேலவனுக்கும்தான் தெரியும்.

தை பிறந்து, கோர்ட்டு நியமித்த ஆபீசர் சரக்குக் கணக்கெடுக்க மில்லுக்கு வந்தார். ராவுத்தர் கிடங்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஆபீசர் ரசீதை இரண்டு முறை படித்துவிட்டு, தெரிந்த தமிழில் என்னிடம் கேட்டார்.

"இத்தனை மூட்டையில உங்களோடது ஏதுன்னு எப்படித் தெரியும்?"

"காவியில வேல் போட்டிருக்கேனுங்க. சாமி பாத்துக்கட்டும்னு நானே வரைஞ்சது."

கதவைத் திறந்தார்கள். மேற்குச் சுவர் ஓரம் நாற்பத்திரண்டு வேல் வரிசையாக நின்றது. ஆபீசர் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு என்னிடம் மெதுவாக மலையாளத்தில் சொன்னார்: "இது நிங்ஙளுடெ முதலாணு, அம்மே. கம்பெனியுடெ அல்ல."

எனக்கு மலையாளம் அரைகுறை. ஆனால் இது என்னுடைய பொருள், கம்பெனியுடையது அல்ல என்று அவர் சொன்னது மட்டும் முழுசாகப் புரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மாசியில் கோர்ட்டு உத்தரவு வந்தது. மூட்டைகளை ஏற்றிவர வண்டி ஓட்டியவர் யார் தெரியுமா? சென்னியப்பன்தான். "அண்ணி, வெலை எங்கியோ ஏறிப் போயிருச்சுங்க!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார். ராவுத்தருக்கும் கூலிக்காரர்கள் வரிசையில் நின்றுபோன சம்பளம் வந்து சேர்ந்தது. கடலை விற்றவர்களுக்கு ரொம்ப நாள் கழித்து ரூபாய்க்கு மூன்று அணாதான் கிடைத்தது. அவர்களைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் முழுசாக இறங்கவில்லை. பத்து மூட்டையை விற்காமல் நிறுத்தி, சென்னியப்பன் உள்பட எல்லோருக்கும் விதைக்கடலையாக அளந்து கொடுத்துவிட்டேன். அந்த ஆடியில் எங்கள் பக்கத்துக் காடு ஒன்றுகூடத் தரிசாகக் கிடக்கவில்லை.

காட்டை இப்போதும் நான்தான் பார்க்கிறேன். போன வாரம் கொழுந்தனார் வந்து, "இந்த வருஷம் எப்பங்க அண்ணி விதைக்கறது?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் வேலவனிடம் கேட்டது தாமதமாகிறதா? வழியில் தடை வருகிறதா? கோபம் வந்தால் அவனிடமே போய்ச் சண்டை போடுங்கள். விலகி மட்டும் போகாதீர்கள். வருகிற சஷ்டிக்கு எங்கள் கரட்டுக்கு வாருங்கள். அன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.